களைக்கு மருந்து கடையில இருக்கு... களையைப் படிச்சவர் எங்கே?



நெல்லில் புகையான் வந்தால் ஆட்சியர் அலுவலகம் வரைக்கும் பேச்சு. வெள்ளம் வந்தால் டிவியில் செய்தி. ஆனா வயலில் களை மண்டினால் மட்டும் அது விவசாயியின் சொந்தப் பிரச்சினை! "நேரத்துக்குக் களை எடுத்திருக்கணும்" என்று ஊரும் அவரையே குறை சொல்லும்.

களை எடுக்க ஆள் எங்கே இருக்கு? நடவை விட்டு நேரடி விதைப்புக்குப் போன டெல்டா விவசாயியைக் கேளுங்க. அங்கே நெல்லும் களையும் சேர்ந்தே முளைக்கும். முதல் 40 நாளில் களையை அடக்கலைன்னா விளைச்சல் போச்சு. அந்த அவசரத்தில் மருந்துக்கடை சொல்றதுதான் வேதவாக்கு. போன வருஷம் அடிச்ச அதே மருந்து. கேட்கலைன்னா கொஞ்சம் கூட்டி அடி!

இது எங்கே போய் முடியும் என்பதற்கு ஹரியானா சாட்சி. கோதுமை வயலில் கோதுமை போலவே தெரியும் ஒரு புல். அதற்கு வருஷா வருஷம் ஐசோபுரோட்டுரான் அடித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அந்த மருந்து கேட்காமல் போனது. பச்சைக் கோதுமையை மாட்டுக்கு அறுத்துப் போட்டவர்களும் உண்டு. மருந்து கெட்டுப்போகலை, களைதான் எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது என்று கண்டுபிடித்தவர்கள் ஹிசார் வேளாண் பல்கலைக்கழக விஞ்ஞானிகள். மருந்தை மாற்று, பயிரை மாற்று, உழாமல் விதை என்று வழி காட்டியவர்களும் அவர்களே.

கேரளத்தில் வயலையும் வாய்க்காலையும் மூடிய ஆப்பிரிக்கன் பாயலை அடக்கியது மருந்து இல்லை, ஒரு சின்ன வண்டு. பார்த்தீனியத்தைத் தின்னும் மெக்சிகோ வண்டை 1984இல் பெங்களூரில் விட்டதும் அரசு விஞ்ஞானிகள்தான். கம்பெனிக்காரனால் வண்டுக்கு வருஷா வருஷம் பில் போட முடியாது. அதனால்தான் இது அரசு செய்ய வேண்டிய வேலை என்கிறோம்.

கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலம் மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு ஆணை போட்டது. ஆணை போட்டால் ஆச்சா? மாற்று என்ன என்று வரப்புக்கு வந்து சொல்ல ஆள் வேண்டாமா? ஜபல்பூரில் களை ஆராய்ச்சி இயக்குநரகம் இருக்கு, கோவையில் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கு. அங்கே இருக்கிற அறிவு ஊருக்கு வந்து சேரணும்.

நாம் கேட்பது மூன்றே மூன்று:

✅ ஒவ்வொரு வேளாண் அறிவியல் நிலையத்திலும் களையியல் படித்த விஞ்ஞானி ஒருவர்.

✅ மருந்து கேட்காத களையின் விதையைக் கொடுத்தால், அடுத்த பருவத்துக்குள் இலவசமாகச் சோதித்து முடிவு.

✅ கோனோ வீடர், பவர் வீடர் வாடகை மையங்கள் மகளிர் குழுக்களின் கையில். களை எடுத்துப் பிழைக்கும் நம் அக்கா தங்கச்சிகளை இயந்திரம் வெளியே தள்ளக் கூடாது; அந்த இயந்திரத்தை ஓட்டும் கூலியே அவர்களுக்குத்தான் வரணும்.

மருந்தை விற்பவரே வைத்தியராகவும் இருக்கும் நிலை உழவனுக்கு மட்டும் ஏன்?

பகிருங்கள் தோழர்களே! உங்கள் வயலில் எந்தக் களை மருந்துக்கு அடங்க மாட்டேங்குது? ஊர் பெயரோடு கமெண்டில் எழுதுங்க.

#களையியல்_விஞ்ஞானி_எங்கே #உழவர்_உரிமை