வாய்விட்டுச் சொல்லவேண்டிய நோய்

மலத்தோடு இரத்தம் போனால் அதனை மூலம் என்று தாமே தீர்மானித்துக்கொள்வது எம்மவரிடையே வேரூன்றிய பழக்கம். வயிற்றுளைவு வாரக்கணக்கில் நீடித்தாலோ அது உடற்சூடு. மாதுளங்கோதை அவித்துக் குடிப்பதும் வெந்தயம் விழுங்குவதுமாக மாதங்கள் கழிகின்றன. உணவகச் சமையலறையில் பத்து மணிநேரம் நிற்பவர், அடிக்கடி மலசலகூடம் போனால் வேலை பறிபோய்விடும் என்று அஞ்சிப் பகல் முழுதும் பட்டினி கிடக்கிறார். இந்தத் தாமதத்தினுள்ளேதான் குடல் அழற்சி நோய் முற்றுகின்றது.

இது கிருமி தொற்றி வந்துபோகும் வயிற்றோட்டமன்று. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்கிப் புண்ணாக்குவதால், தணிந்தும் மீண்டும் கிளம்பியும் ஆண்டுக்கணக்கில் தொடர்வது. முக்கியமாக இரு வகை உண்டு. ஒன்று பெருங்குடலின் உட்படலத்தை மட்டும் புண்ணாக்கும். மற்றையது வாய்முதல் குதம்வரை எவ்விடத்தையும் பீடித்து, குடலைச் சுருக்கவும் துளைக்கவும் வல்லது. நியூயோர்க் வைத்தியர் பேரில் குரோன் இரு சகாக்களுடன் 1932இல் இதனை விபரித்தமையால் குரோன் நோய் எனப் பெயர்பெற்றது.

இதனை வெள்ளையருக்கு வரும் வருத்தம் என்று எண்ணுவது தவறு. கனடாவின் ஒன்ராறியோவில் குடியேறியோரை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வொன்று, தென்னாசியாவிலிருந்து வந்தோரிடையே இந்நோய் குறைவாக இருப்பினும், அங்கு பிறந்த அவர்தம் பிள்ளைகளுக்கு ஏனைய கனடியருக்கு ஒப்பான அளவில் ஏற்படுவதைக் காட்டிற்று. எனவே வயிற்றுவலியால் உணவை ஒதுக்கி, எடை குறைந்து, உயரமும் கூடாது நிற்கும் பிள்ளையை அதட்டுமுன் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். நான்கு வாரங்களுக்கு மேற்பட்ட வயிற்றோட்டம், இரவில் தூக்கத்தைக் குலைத்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, காரணமற்ற இரத்தச்சோகை ஆகியனவும் அறிகுறிகளே. மலத்தில் இரத்தம் கண்டாலோ வாரக்கணக்குப் பார்க்கவே கூடாது.

மலத்தில் கல்புரொடெக்டின் என்னும் புரதத்தை அளந்தால் குடலில் அழற்சி உண்டா எனத் தெரியவரும். பின்னர் குழாய்க் கமரா செலுத்திச் சிறு தசைத்துண்டு எடுத்துச் சோதிப்பர். நோயை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. அடக்கிவைக்கும் மருந்துகள் பல உண்டு. மெசலசீன், சில வாரங்களுக்கு மட்டும் ஸ்டீரொயிட், அசத்தயோபிரின், 1998இல் அமெரிக்காவில் குரோன் நோய்க்கு அனுமதிபெற்ற இன்ஃபிளிக்சிமாப் முதலியன அவற்றுட் சில. இரத்தம் நின்றதும் குளிசையையும் நிறுத்துவோர் பலர். நோய் திரும்புவதற்கு அதுவே வழி. குரோன் நோயாளர் புகைத்தலைக் கைவிடுவது மருந்துக்கு ஒப்பானது.

எம்மவர் கவனிக்கவேண்டிய விடயம் ஒன்றுண்டு. குடலைப் பற்றும் காசநோய் குரோன் நோயைப் போலவே தோற்றமளிக்கும். இன்ஃபிளிக்சிமாப் போன்ற மருந்துகளோ உடலில் உறங்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடியவை. ஊரிலோ முகாமிலோ காசநோயாளருடன் வாழ்ந்திருந்தால் அதனை வைத்தியரிடம் முன்கூட்டியே கூறுவது உயிர்காக்கும் செய்தியாகும். அகதி விண்ணப்பம் பாதிக்கப்படுமோ என்று அதனை மறைப்பது வீண் அச்சம்.

ஆனால் கூறுவது எங்ஙனம்? பன்னிரண்டு வயது மகளை மொழிபெயர்ப்பாளராக அமர்த்திக்கொண்டு எந்தத் தந்தை தன் மலத்திற் போகும் இரத்தத்தைப் பற்றிப் பேசுவார்? வயிற்றுவலி என்ற ஒற்றைச் சொல்லோடு உரையாடல் முடிய, வைத்தியர் வாயுக் குளிசை எழுதிக் கொடுத்தனுப்புகிறார். பிரித்தானியாவில் குடும்ப வைத்தியரிடம் பதிவதற்கு விசாப் பத்திரம் அவசியமன்று. மொழிபெயர்ப்பாளருக்குக் கட்டணமும் இல்லை. நேரம் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேட்டால், தொலைபேசி வழியாகவேனும் ஒருவரை ஒழுங்குசெய்வர். பெண்கள் பெண்ணொருவரையே கேட்கலாம்.