ஞாயிறு காலை வகுப்பை நிறுத்துங்கள்



பதிவு கொஞ்சம் நீளம். டியூட்டரி நடத்துகிறவர்களும், மண்டபம் வாடகைக்குக் கொடுக்கிறவர்களும், பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர்களும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

ஜும்ஆ நேரத்தில் நம் ஊரில் யாராவது வகுப்பு வைத்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அஸருக்கு முன்னமே வட்ஸ்அப் குழுக்களில் படம் வந்துவிடும். நிருவாகம் கூப்பிட்டு விசாரிக்கும். வகுப்பு வைத்த சேர் மன்னிப்புக் கேட்பார். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை, நியாயமான கோபம்தான்.

அதே நாம்தான் ஞாயிற்றுக்கிழமை காலை 6.30க்கு சாதாரண தர கணித வகுப்பு வைக்கிறோம். அது முடிய விஞ்ஞானம். பூசைக்கும் மறைக்கல்விக்கும் போக வேண்டிய கத்தோலிக்கப் பிள்ளைகள் நம் மண்டபத்தில், நம் ஆசிரியருக்கு முன்னால், கொப்பியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்கு எந்தக் குழுவிலும் படம் வந்ததில்லை.

நாங்கள் அந்தப் பிள்ளைகளுக்குப் பகலில் படிப்பிக்கிற முஸ்லிம் ஆசிரியர்கள். பாடசாலையின் பெயர் வேண்டாம். கத்தோலிக்கப் பாடசாலை என்று ஊர் சொல்லும். உண்மையில் 1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்களோடு அரசு பொறுப்பேற்ற மிஷன் பாடசாலைகளில் ஒன்று. சம்பளம் அரசாங்கம் தருகிறது, மேற்பார்வை வலயக் கல்விப் பணிமனை. ஆனால் வாசலில் மாதா கெபி அப்படியே இருக்கிறது, காலைக் கூட்டத்தில் செபம் இருக்கிறது. அப்போது நம் பிள்ளைகள் வாய் திறக்காமல் மரியாதையாக நிற்பார்கள், யாரும் அவர்களைச் சொல்லச் சொன்னதில்லை. சமய பாடவேளையில் அவர்கள் திருமறைக்கும் நம் பிள்ளைகள் மௌலவி சேரிடமும் போவார்கள்.

நோன்பு காலத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை. எங்கள் பாடசாலை மற்றத் தவணை அட்டவணையில் ஓடுவதால் நம் பிள்ளைகள் நோன்போடுதான் வருவார்கள். உடற்கல்விப் பாடவேளையில் அவர்களை நிழலில் இருத்தி புள்ளி எழுத விடுகிற வழக்கம் ஒன்று அங்கே இருக்கிறது. நாம் யாரும் கடிதம் கொடுத்துக் கேட்டு வாங்கியதல்ல. முன்பு அங்கே படிப்பித்த சிஸ்டர் ஒருவர் தொடங்கி வைத்தது, அவர் மாற்றலாகிப் போன பிறகும் நடக்கிறது.

இப்போது ஒரு தரம் 10 பிள்ளையின் கிழமையைப் பாருங்கள். பாடசாலை 7.30 முதல் 1.30 வரை. வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றும் தின்னாமலும் இரண்டரைக்கு வகுப்பு. அது மஃரிப் வரை போகும். சனிக்கிழமை முழு நாள். மிச்சம் இருந்தது ஞாயிறு காலை ஒன்றுதான், அதையும் எடுத்துக்கொண்டோம். இயேசு சபைத் துறவிகள் கூடைப்பந்தைக் கொண்டுவந்து பழக்கிய மாவட்டம் இது. இன்று பின்னேரம் நாலு மணிக்குப் பந்து தட்ட ஐந்து பிள்ளைகளைச் சேர்க்க உடற்கல்வி சேர் படுகிற பாடு எங்களுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை முதலாம் பாடவேளையில் மேசையில் தலை வைத்துத் தூங்குகிற பிள்ளையை எழுப்பினால், சேர் அடிப்பார் என்று பயந்து எழும்புகிறது. யோசித்துப் பாருங்கள்: அந்தப் பிள்ளையைப் புள்ளி கேட்காமல் பார்க்கிற பெரியவர் யார்? நாங்கள் இல்லை. எங்கள் கையில் எப்போதும் தவணைப் பரீட்சைத் தாள். டியூட்டரி சேரும் இல்லை, அவருக்கு முன்னால் நூறு தலை, அதில் பெயர் தெரிந்தது முன்வரிசைக்கு மட்டும். மறைக்கல்வி டீச்சர்தான், “போன கிழமை ஏன் மகள் வரல்ல, வீட்டுல என்ன பிரச்சினை?” என்று கேட்பவர். பாடகர் குழுவிலும் பீடப் பணியாளர்களிலும் அந்தப் பிள்ளைக்கு ஓர் இடம் இருந்தது. அங்கே கணிதத்தில் எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. நம் பிள்ளைகளுக்கு குர்ஆன் மத்ரசா ஹஸ்ரத் அப்படி. தகப்பன் வெளிநாட்டில், தாய்க்குச் சுகமில்லை என்ற செய்தி வகுப்பாசிரியருக்கு வருவதற்கு முன்பு அவருக்குத்தான் வந்து சேரும்.

பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருக்கிறாரே என்பீர்கள். இருக்கிறார். அவரே இரண்டு பாடமும் எடுக்கிறார், விளையாட்டுப் போட்டிக்கு இல்லப் பொறுப்பாளரும் அவர்தான். 1929, 1926 இலக்கங்கள் விளம்பரப் பலகையில் ஒட்டியிருக்கின்றன. சிறுவர் பாதுகாப்புக்கு ஒன்று, மனநலத்துக்கு ஒன்று. நல்லது. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை முன்பின் தெரியாத இலக்கத்துக்கு அடிப்பதற்கு முன், தெரிந்த முகம் ஒன்றிடம்தான் கதைக்கப் பார்க்கும். அந்த முகத்தைக் காணுகிற நேரத்தில் நாம் திரிகோண கணிதம் நடத்துகிறோம்.

“கட்டாயப்படுத்தினோமா? விருப்பம் என்றால் வரட்டும்” என்கிறார்கள். திரிகோண கணிதத்தையும் வட்டத் தேற்றங்களையும் ஞாயிறு வகுப்புக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு விருப்பம் என்பதா? வராத பிள்ளைக்கு அந்த அலகு போய்விட்டது. ஜும்ஆ நேரத்தில் வைத்துவிட்டு “விருப்பம் என்றால் வாங்க” என்று யாராவது நம்மிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

“இது அவர்களின் பிரச்சினை, ஃபாதர் பேசட்டும்” என்று ஒரு ஹாஜியார் சொன்னார். ஃபாதர்மார் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஞாயிறு காலை வகுப்புகளை நிறுத்தும்படி கத்தோலிக்கத் திருச்சபை வருடக்கணக்காகக் கேட்கிறது. ஆனால் இந்த மண்டபம் ஃபாதருடையதல்ல, நம்முடையது. படிப்பிக்கிறவரும் நம் ஆள். நம் வீட்டு வாசலைப் பெருக்க அடுத்த வீட்டுக்காரர் வர வேண்டுமா?

2019 ஏப்ரல் 21ஆம் திகதியை எழுதாமல் இதைக் கடக்க முடியாது. அதுவும் ஞாயிறு காலைதான். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடித்து வெளியில் நின்ற சிறுவர்களும் இறந்தார்கள். கொழும்பிலும் நீர்கொழும்பிலும் பூசைக்குப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. செய்தவர்கள் நம் பெயர்களை வைத்திருந்தவர்கள். இஸ்லாத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நாம் அறிக்கை விட்டோம், பதாகை பிடித்தோம். அது உண்மை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த மக்களுக்கு ஞாயிறு காலை என்றால் என்ன என்று அதற்குப் பிறகும் நமக்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா? தேவாலயத்துக்குப் போக வேண்டிய பிள்ளையை மாதம் இவ்வளவு காசு என்று வாங்கி நம் மண்டபத்தில் அடைத்து வைத்துவிட்டு, சகவாழ்வுக் கூட்டத்துக்குப் போய்ப் பொன்னாடை போர்த்துவதில் என்ன இருக்கிறது?

ஆசிரியர்களின் பிழைப்பு என்ற வாதத்தை மட்டும் நாங்கள் மதிக்கிறோம். வேலை கிடைக்காத பட்டதாரித் தம்பிமார் இந்த வகுப்புகளால்தான் குடும்பம் நடத்துகிறார்கள். அவர்களின் வகுப்பை மூடச் சொல்லவில்லை. ஞாயிறு பகல் 12 மணிக்குப் பிறகு வையுங்கள். பகலில் அரசாங்கச் சம்பளம் எடுத்துக்கொண்டு, வகுப்பறையில் அரைவாசி படிப்பித்து மீதியை டியூட்டரியில் விற்கிற நம் தொழில்காரர்களுக்கு அந்த மரியாதையும் கிடையாது.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். ஞாயிறு காலை 6 மணி முதல் பகல் 12 மணி வரை தரம் 11 வரையான எந்த வகுப்புக்கும் நம் ஊரில் மண்டபம் கொடுக்கக் கூடாது. ஜும்ஆ நேரத்துக்கு என்ன ஒழுங்கோ அதே ஒழுங்கு, அதே நிருவாகம், அதே கண்டிப்பு. கடிதம் தயார், இதுவரை எங்கள் பாடசாலையின் முஸ்லிம் ஆசிரியர்கள் கையொப்பமிட்டிருக்கிறோம். எதிர்வரும் வெள்ளி ஜும்ஆ முடிந்து நிருவாகத்திடம் கையளிப்போம். பெற்றோர் கையொப்பமிட விரும்பினால் பள்ளிவாசல் முன் வாசலுக்கு வாருங்கள். டியூட்டரிக்காரர்களும் வரலாம், முகத்துக்கு முன் கதைப்போம்.