பணம் வாங்க ‘பின்’ எதுக்கு? - ஒரு ஆப் டிசைனரின் ஒப்புதல்

உங்கள் அப்பா பழைய கட்டிலை விற்க ஆன்லைனில் விளம்பரம் போடுகிறார். போன் வருகிறது. “சார், அட்வான்ஸ் 5,000 அனுப்புறேன். ஒரு க்யூஆர் கோடு வரும். ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, அக்கவுண்ட்ல ஏறிடும்.” அப்பா பின் போடுகிறார். பணம் ஏறவில்லை, போய்விட்டது.

யுபிஐ-யில் பணம் பெற பின் தேவையே இல்லை, அனுப்பத்தான் தேவை. “இதுகூடவா தெரியாது?” என்று அப்பாவைத் திட்டுகிறோம். வங்கி, மருத்துவ ஆப்களை வடிவமைக்கும் எனக்கு, அந்தத் திட்டில் பாதி எங்களுக்குச் சேர வேண்டியது என்றே தோன்றுகிறது.

பின் போடும் பக்கம் என்பிசிஐ தரும் பொதுவான பக்கம். அதில் நாங்கள் கைவைக்க முடியாது. ஆனால், அதற்கு முந்தைய திரை எங்களுடையது. அங்கே “தொடர்க” என்று ஒரு பட்டன் வைக்கிறோம். எதைத் தொடர? “உங்கள் கணக்கிலிருந்து ரூ.5,000 போகும்” என்று பெரிய எழுத்தில் இருந்தால், அப்பா ஒரு நொடி நின்று யோசித்திருப்பார். அந்த ஒரு நொடியைக் குறைப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்!

தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டு அனுப்பும் ‘கலெக்ட் ரிக்வெஸ்ட்’ வசதியை 2025 அக்டோபர் 1 முதல் என்பிசிஐ நிறுத்திவிட்டது. மோசடிதான் காரணம். நல்ல முடிவு. ஆனால், எல்லாவற்றையும் மேலிடமே செய்யட்டும் என்று டிசைனர்கள் காத்திருக்க முடியாது.

மருத்துவ ஆப்பில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரை நினைவூட்டும் திரை அது. அலாரம் அடித்தால் இரண்டே பட்டன்கள்: ‘எடுத்துக்கொண்டேன்’, ‘தவிர்த்தேன்’. எங்கள் கணக்கில் எல்லோரும் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டார்கள். ஒருநாள் ஒரு பாட்டியிடம் காட்டச் சொன்னோம். அலாரம் அடித்ததும் ‘எடுத்துக்கொண்டேன்’ என்று தட்டினார். “மாத்திரை எங்கே பாட்டி?” “இன்னும் சாப்பிடலைப்பா. சத்தத்தை நிறுத்தணும்ல!”

சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டிய மாத்திரை. அவர் சாப்பிடுவது பத்து மணிக்கு, அலாரமோ எட்டு மணிக்கு. அந்தப் பொய்க் கணக்கைப் பார்த்து டாக்டர் டோஸை ஏற்றியிருந்தால்?

‘அப்புறம் ஞாபகப்படுத்து’ என்று மூன்றாவது பட்டன் சேர்த்தோம். ‘எடுத்துக்கொண்டேன்’ எண்ணிக்கை சரிந்தது. மேனேஜர் முகம் வாடியது. என்னைக் கேட்டால், அந்த ஆப் முதன்முதலாக உண்மை பேசியது அன்றுதான்.

உடனே பத்து எச்சரிக்கைப் பெட்டிகளை வைத்துவிடலாமா? கூடாது. அடிக்கடி வரும் எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. பேலன்ஸ் பார்க்கத் தடை வேண்டாம். பணம் வெளியேறும் இடத்தில், மருந்தளவு மாறும் இடத்தில் ஒரே ஒரு தடை போதும். அதுவும் வீட்டில் பேசும் தமிழில். ‘பற்று வைக்கப்படும்’ என்றால் எத்தனை பேருக்குப் புரியும்?

ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ரிலீஸுக்கு முன், அந்தத் திரையை அம்மாவிடம் கொடுங்கள். நீங்கள் வாய் திறக்காதீர்கள். அவர் எங்கே தயங்குகிறார், எங்கே தயங்காமல் தட்டுகிறார் என்று மட்டும் பாருங்கள். இரண்டாவதுதான் ஆபத்து.

ஒருவேளை பணம் போயே விட்டதா? அப்பாவைத் திட்டுவதற்கு முன் 1930-க்கு அடியுங்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.