பவளப்பாறை பாறை அல்ல!

"கடல் எவ்வளவு பெரிசு! அதில் கொஞ்சம் எடுத்தால் குறைந்தா போய்விடும்?" என்று கேட்பவர்கள் மன்னார் வளைகுடாவைப் பார்க்க வேண்டும்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே அங்கே 21 தீவுகள் இருந்தன. சுற்றிலும் பவளப்பாறைகள். பெயரிலேயே பாறை இருப்பதாலோ என்னவோ, பலரும் அதை வெறும் கல் என்றே நினைத்துவிட்டார்கள். உண்மையில் அது மிகச்சிறிய உயிரினங்கள் கூட்டமாக வாழ்ந்து, சுண்ணாம்பால் கட்டிய வீடு. மீன் குஞ்சுகள் ஒளிந்து வளர்வதும் அங்கேதான். அதைத்தான் வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பயன்படுத்தினார்கள். 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகும் அது நிற்கவில்லை.

விளைவு? அலையைத் தடுத்த அரண் போனது. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலில் மூழ்கிவிட்டன. 2001-ல் பவளங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. போன தீவுகள் திரும்பவில்லை.

"மறுபடி வளராதா?" என்று கேட்கலாம். வளரும். ஆனால் பல வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளர்வதில்லை!

கணக்குப் படித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மீன் வட்டி, பவளப்பாறை அசல். வட்டியை எடுத்துச் சாப்பிடலாம், தப்பில்லை. அசலிலேயே கை வைத்தால் எத்தனை நாளைக்கு ஓடும்?