ஆறாத புண்: மரபணுவையும் தேடுங்கள்

காலில் ஆறாத புண் என்றால் சர்க்கரை, ரத்தக்குழாய்க் கோளாறு, தொழுநோய் என்று தேடுவது முறைதான். பெரும்பாலும் காரணம் அவற்றில்தான் இருக்கும். ஆனால் இளவயதினருக்கு இவை எதுவும் இல்லாதபோது, தேடலை அங்கேயே நிறுத்திவிடக் கூடாது.

அரிவாள் அணு சோகை கணுக்காலருகே திரும்பத் திரும்பப் புண்ணை உண்டாக்கும். புரோலிடேஸ் நொதி குறைந்தால், தோலுக்கு உறுதி தரும் கொலாஜனின் மறுசுழற்சி தடைபட்டுப் புண் ஆறாது. சிறுநீர்ப் பரிசோதனையே இதற்குத் துப்புக் கொடுத்துவிடும். வெர்னர் நோயில் இளநரை, கண்புரையோடு புண்ணும் சேர்ந்து வரும். இம்மூன்றும் பழுதான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் உண்டாகும் நோய்கள். தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணமுடிக்கும் நம் புதுச்சேரிப் பகுதியில் இதை மறக்கலாகாது.

காரணம் தெரிந்தாலும் எல்லாப் புண்ணும் ஆறிவிடாது. ஆனால் பயனற்ற ஆன்டிபயாடிக் செலவு குறையும். உடன்பிறந்தவர்களையும் முன்கூட்டியே பரிசோதிக்கலாம்.

இதற்காக வெளியூர் தேட வேண்டியதில்லை. 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் மருத்துவமனை புதுச்சேரியிலேயே இருக்கிறது. 3 மாதமாகியும் ஆறாத, காரணம் புரியாத புண்ணோடு வருவோரை ஆரம்ப சுகாதார நிலையங்கள் அங்கு அனுப்பிவைக்க வேண்டும். ‘பெற்றோர் சொந்தமா?’ என்ற கேள்வியும் நோயாளிச் சீட்டில் இடம்பெற வேண்டும். இதற்கான உத்தரவைச் சுகாதாரத் துறை தாமதிக்காமல் பிறப்பிக்கட்டும்.