இடிக்கும் முன் எங்களைக் கேட்டீர்களா?

உம்ரா சென்று திரும்பிய கிருஷ்ணகிரி மாங்காய் வியாபாரி ஒருவர் ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஹஜ்ரத், மதீனாவில் பழைய ரயில் நிலையம் ஒன்று பார்த்தேன். ரயில் வருவதில்லை. ஆனால் அந்தக் காலத்து இன்ஜின் முதற்கொண்டு துடைத்து வைத்திருக்கிறார்கள். நம்ம ஊரில் ரயிலும் இல்லை, நிலையமும் இல்லை, இருந்தது என்று சொல்ல ஒரு கல்லும் இல்லை!"

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் பார்த்தது ஹிஜாஸ் ரயில்வேயின் மதீனா நிலையம். உஸ்மானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது 1900ல் தொடங்கிய பாதை அது. டமாஸ்கஸிலிருந்து பாலைவனம் வழியாக 1908ல் மதீனாவை எட்டியது. அதற்கு உலக முஸ்லிம்கள் நன்கொடை அனுப்பினார்கள். இந்திய முஸ்லிம்களின் பணமும் அதில் உண்டு. முதல் உலகப் போரில் பாதை சிதைந்தது, ரயில் நின்றது. நிலையம் மட்டும் நின்று, இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அதே மதீனாவுக்கு 2018 முதல் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஹரமைன் ரயில் ஓடுகிறது. புதியதற்குப் புதிய நிலையம் கட்டினார்கள், பழையதைத் தொடவில்லை. (சவூதியில் எல்லாமே இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. மக்காவில் உஸ்மானியர் காலத்து அஜ்யாத் கோட்டையை 2002ல் இடித்துவிட்டு அடுக்குமாடிக் கோபுரங்களை எழுப்பியதையும் நாம் பார்த்தோம்.)

மதீனாவுக்கு ரயில் வந்த அதே 1908ல்தான் சென்னை எழும்பூர் நிலையமும் திறக்கப்பட்டது. செங்கல் சிவப்பும் வெண்மையும் கலந்த அந்தக் கட்டடத்தின் குவிமாடங்களையும் வளைவுகளையும் பார்க்காத வியாபாரி நம்மில் இருக்க மாட்டார். ஹென்றி இர்வின் வரைந்த அந்தப் பாணிக்கு 'இந்தோ சாரசனிக்' என்று பெயர். சாரசன் என்பது ஐரோப்பியர்கள் முஸ்லிம்களுக்கு வைத்த பழைய பெயர். வெள்ளைக்காரன் ரயில் நிலையம் கட்ட நம் முன்னோர்களின் கட்டடக் கலையைக் கடன் வாங்கினான் என்பது எத்தனை இளைஞர்களுக்குத் தெரியும்?

அந்த எழும்பூரை இப்போது 734 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுப் புதுப்பிக்கிறார்கள். 2022 மே மாதம் பிரதமர் அடிக்கல் நாட்டினார். காந்தி இர்வின் சாலைப் பக்கமும் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கமும் புதிய முனையக் கட்டடங்கள், வாகன நிறுத்தம், நடைமேம்பாலம் எல்லாம் வருகின்றன. 1908ன் கட்டடம் அப்படியே நிற்கும் என்பதுதான் திட்டம். இதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் செகந்திராபாத்தில் என்ன நடந்தது? நிஜாம் ஆட்சியில் 1874ல் தொடங்கிய நிலையம் அது. 700 கோடிக்கும் மேற்பட்ட திட்டம் வந்தது. ஊரின் அடையாளமாக இருந்த வளைவு முகப்பு 2025 பிப்ரவரியில் பொக்லைனுக்கு இரையானது. ஹைதராபாத் மக்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். அதற்கு மேல் அவர்களால் எதுவும் செய்ய முடியவில்லை.

எழும்பூருக்கு ஒரு நீதி, செகந்திராபாத்துக்கு ஒரு நீதியா? இரண்டும் ஒரே ரயில்வே, ஒரே அரசாங்கம். எழும்பூர் கட்டடத்துக்காகக் குரல் கொடுக்க எழுத்தாளர்களும் வரலாற்று ஆர்வலர்களும் பல வருடங்களாக விழித்திருந்தார்கள். கைவைத்தால் சத்தம் வரும் என்று அதிகாரிகளுக்குத் தெரியும். சத்தம் வராது என்று தெரிந்த இடத்தில் முதலில் வருவது பொக்லைன்தான்.

பாதுகாக்கிறோம் என்ற பெயரில் முடக்கிப் போடுவதும் உண்டு. ராயபுரத்தைப் பாருங்கள். 1856ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. ஆற்காடு நவாபின் பெயரைத் தாங்கிய ஊருக்கு! இன்று நாட்டில் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழமையானது அது. 2005ல் பழுதுபார்த்து வெள்ளையடித்தார்கள். சரி, அதை ரயில் முனையமாக்குங்கள் என்று வடசென்னை மக்களும் வியாபாரிகளும் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். முனையம் தாம்பரத்துக்குப் போனது. ராயபுரத்துக்கு மிஞ்சியது புறநகர் ரயில்தான்.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம்.

கிருஷ்ணகிரிக்கு ரயில் இருந்ததா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இருந்தது! திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905ல் ரயில் வந்தது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906ல் வந்து, 1913ல் ஓசூர் வரை நீண்டது. இரண்டும் இரண்டரை அடி அகலமுள்ள குறுகிய பாதைகள். பஞ்ச காலத்தில் இந்த வறண்ட தாலுகாக்களுக்குத் தானியம் வந்து சேர வேண்டும் என்பதற்காகப் போடப்பட்டவை. லாபம் இல்லை என்றார்கள். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் இரண்டு பாதைகளும் மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. ஓசூருக்கு மறுபடி ரயில் வர 1960களின் இறுதி வரை, சேலம்–பெங்களூரு மீட்டர் கேஜ் பாதை வரும் வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று. கிருஷ்ணகிரி இன்னும் காத்திருக்கிறது. 2004ல் தனி மாவட்டமாகி, ஆட்சியர் அலுவலகம் வந்து, மாங்கூழ் தொழிற்சாலைகள் பெருகி, தேசிய நெடுஞ்சாலைகள் சந்திக்கும் ஊராகியும் தலைநகருக்கு ஒரு ரயில் நிலையம் இல்லை. ஜோலார்பேட்டை–கிருஷ்ணகிரி–ஓசூர் பாதை கேட்டு மனுக்கொடுத்தவர்களில் பலர் மவுத்தாகிவிட்டார்கள்.

பெயர்த்ததை மீண்டும் போடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? மொரப்பூர்–தருமபுரிக்கு 2019ல் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள், 36 கிலோமீட்டருக்கு. அந்தக் காலத்தில் ரயில் ஓடிய தடத்தில் இன்று வீடும் தோட்டமும் இருக்கின்றன. நிலம் எடுப்பதற்குள் நாக்குத் தள்ளுகிறது.

ஓசூர் நிலையம் இப்போது 'அம்ரித் பாரத்' திட்டத்தில் இருக்கிறது. நாடு முழுவதும் 1,300க்கும் மேற்பட்ட நிலையங்களில் அதுவும் ஒன்று. இருக்கட்டும், வரட்டும். பழமை பேசிக்கொண்டு வசதியைத் தடுப்பவர்கள் நாம் அல்ல. ஒரு நிலையத்தில் (பெயர் வேண்டாம்) முழங்கால் வலியுள்ள என் வாப்பாவை மேம்பாலப் படியில் ஏற்ற முடியாமல், கண்ணெதிரே ரயில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். போர்ட்டர் ஒருவர்தான் ஓடிவந்து தாங்கிப் பிடித்தார். மின்தூக்கி வேண்டும், பெண்கள் கூச்சமில்லாமல் போகக்கூடிய கழிப்பறை வேண்டும், மழையில் நனையாத நடைமேடை வேண்டும். தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்பும் நம் பிள்ளைகளைக் கேட்டால் இன்னும் சொல்வார்கள். பெங்களூரு மெட்ரோ 2025ல் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது, நாம் மட்டும் பழைய பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க முடியாது.

நாம் கேட்பது வேறு. ஓசூர் தமிழ்நாட்டில் இருக்கிறது. நிலையமோ தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில், தலைமையகம் ஹூப்ளியில். வரைபடம் எங்கேயோ தயாராகிறது. டெண்டர் எங்கேயோ திறக்கப்படுகிறது. நிலைய வாசலில் இருபது முப்பது வருடம் டீ விற்றவர், பழக்கூடை வைத்திருப்பவர், ஆட்டோ ஓட்டுகிறவர், பார்சல் சுமக்கிறவர் யாரிடமாவது புதிய வரைபடத்தை விரித்துக் காட்டினார்களா? புதுப்பிப்பு என்று சொல்லிவிட்டு வாசலைக் காலிசெய்து, பெரிய கம்பெனிக்கு மொத்தக் குத்தகை கொடுத்தால் நம் வியாபாரிகள் எங்கே போவார்கள்? கட்டடத்தின் வயதை எழுதிவைக்க ஆள் இருக்கிறது. வாசலில் பிழைத்தவர்களின் வயதை யார் எழுதுவது?

இதைச் சொல்லும்போது நம் வீட்டுக் குப்பையையும் கிளற வேண்டியிருக்கிறது. ஓர் ஊரில் கல்தூணும் மரச்சட்டமுமாக இருந்த பழைய பள்ளிவாசலை, "இடம் போதவில்லை" என்று இடித்து டைல்ஸும் கிரானைட்டும் பதித்தார்கள். இடம் போதவில்லை என்பது உண்மைதான். பின்னால் காலியிடம் இருந்ததும் உண்மைதான். அந்தக் கல்தூண்கள் இன்று யாரோ ஒருவருடைய பண்ணை வீட்டில் அலங்காரமாக நிற்கின்றன. முத்தவல்லியிடம் கேட்டேன். "ஹஜ்ரத், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லையே" என்றார். நானும் அன்று சொல்லவில்லை. ரயில்வே அதிகாரியும் இதே பதிலைத்தான் நாளை நமக்குச் சொல்வார்.

எனவே இளைஞர்களே, வேலை இருக்கிறது. தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012லேயே நிறைவேறியது. ஆணையம் அமையாமல் சட்டம் ஆண்டுக்கணக்கில் காகிதத்தில் தூங்கியது. சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. கிருஷ்ணகிரி பழையபேட்டையிலும் ஓசூரிலும் எண்பது, தொண்ணூறு வயதுப் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குட்டி ரயிலைப் பற்றி அவர்களோ அவர்களுடைய பெற்றோரோ சொன்னதைக் கேட்டு எழுதுங்கள். வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய படமோ டிக்கெட்டோ சரக்கு ரசீதோ இருந்தால் நகல் எடுங்கள்.

கோட்ட மேலாளருக்கு அனுப்ப மனு ஒன்று எழுதி வருகிறோம். ஓசூர் நிலைய வரைபடத்தைத் தமிழில் நிலையத்திலேயே ஒட்ட வேண்டும். வேலை தொடங்கிய பகுதியானாலும் சரி, மீதியைப் பற்றி வியாபாரிகளைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். இப்போது பிழைப்பவர்களுக்குப் புதிய வாசலில் முதலிடம் வேண்டும். 1913ல் வந்து காணாமல் போன ரயிலின் வரலாற்றைச் சொல்ல நிலையத்துக்குள் ஒரு சுவர் ஒதுக்க வேண்டும். ஓசூர் நிலைய வாசலில் கடை வைத்திருக்கும் எல்லாச் சமுதாய வியாபாரிகளிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். கர்நாடகத்திலிருந்து வந்து பூ விற்கும் அம்மாவின் கைநாட்டும் அதில் இருக்க வேண்டும். மனு கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் போக வேண்டியிருப்பதால், மொழி தெரிந்த இளைஞர்கள் இருவர் தேவைப்படுகிறார்கள்.