திரைப்படத்தாரும் எண்ணச் சுழற்சி நோயும்

எண்ணச் சுழற்சி நோயெனின் கைகழுவுதலே எனத் திரைப்படத்தார் நம்மைப் பழக்கிவிட்டனர். 1997-இல் வெளிவந்த 'ஆஸ் குட் ஆஸ் இட் கெட்ஸ்' என்னும் ஆங்கிலப் படத்தில் ஜாக் நிக்கல்சன் சவுக்காரக் கட்டிகளை ஒருமுறை தேய்த்து எறிகின்றார். இனயத்தாருக்கு அந்நியமல்லாத மலையாளத்தில், 2013-இல் வந்த 'நார்த் 24 காதம்' நாயகன் பகத் பாசில் அழுக்கிற்கு அஞ்சுகின்றார். நடிப்பு நன்றே. ஆயின் ஒரு பிரயாணமே அவர் பிணியைத் தளர்த்திவிடுகின்றது! அஞ்சுவதைப் படிப்படியாய் எதிர்கொண்டும் கழுவாதிருக்கப் பழகுதலும், மருந்துமே உண்மைச் சிகிச்சை.

நிற்க. கழுவாத நோயாளரும் உளர். அர்ச். இஞ்ஞாசியார் 1522-இல் மன்ரேசாவில், முன்னரே சங்கீர்த்தனம் செய்த பாவங்களை மீண்டும் மீண்டும் சங்கீர்த்தனம் செய்தும் அமைதியுறாது, உயிர்விடவும் எண்ணினார். அத்தகைய இளைஞன் நம் கடற்கரைக் கோயிலில் நின்றால் பக்திமானென்று புகழ்வோம்; இப்படங்களை மட்டும் கண்ட நமக்கு அவனை மருத்துவரிடம் அனுப்பத் தோன்றாது.